சின்ன பட்ஜெட், ரகசியப் படை: போர்ப்படம் எடுப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறப்புப் படைக் குழு ஒன்று எதிரியின் எல்லைக்குள் சத்தமில்லாமல் போய்வரும் கதையைக் குறைந்த செலவில் படமாக்க முனைந்திருக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் திரைக்கதையில் குழுவில் 12 பேர். தயாரிப்பாளர் 5 பேராகக் குறைக்கச் சொல்கிறார். ஐந்தே பேர் ஒரு ராணுவத் தளத்தைத் தாக்கினால் யார் நம்புவார்கள்?

பதில்: ஐந்து பேர் என்பதை நம்புவார்கள். தளத்தைத் தாக்குவதைத்தான் நம்ப மாட்டார்கள். பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையில் அடிப்படை ரோந்துக் குழுவே 4 பேர்தான். அமெரிக்க ராணுவச் சிறப்புப் படையின் குழுவில் 12 பேர் இருப்பதற்குக் காரணம் வேறு. ஆயுதம், வெடிபொருள், மருத்துவம், தகவல் தொடர்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் இருந்தால் குழுவை நடுவில் பிரித்து இரண்டு இடங்களுக்கு அனுப்ப முடியும். உங்கள் கதையில் குழு பிரியவில்லை என்றால் இரண்டாவது ஆள் தேவையே இல்லை. தலைவர், முன்னே வழி பார்ப்பவர், ரேடியோக்காரர், மருத்துவர், வெடி வைப்பவர் என ஐந்து பேருக்கும் ஐந்து வேலை கொடுங்கள். ஒருவர் விழுந்தால் அவருடைய வேலையும் விழுந்துவிட வேண்டும். கதை அங்கேதான் இறுகும்.

தாக்குதலை நாசவேலையாகவோ, வேவு பார்ப்பதாகவோ, ஒரு ஆளை மீட்பதாகவோ மாற்றுங்கள். இது செலவுக்காகச் சொல்லும் சமாதானம் அல்ல. வரலாற்றில் பெயர் பெற்ற ரகசிய நடவடிக்கைகள் பல அப்படித்தான் நடந்திருக்கின்றன. 1943 பிப்ரவரியில், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நார்வேயில், வேமோர்க் கனநீர் (அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்படும் ஒரு வகை நீர்) ஆலைக்குள் நார்வே வீரர்கள் புகுந்தார்கள். பாலத்தில் காவல் இருந்ததால் பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஏறி, ரயில் தண்டவாளம் வழியாகப் போய்க் கருவிகளைத் தகர்த்தார்கள். ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. பழி உள்ளூர் மக்கள் மீது விழாமல் இருக்க, பிரிட்டிஷ் படையின் வேலை என்று தெரியும்படி ஒரு தாம்சன் துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தார்கள். தரையில் கிடக்கும் அந்தத் துப்பாக்கியின் ஒரு குளோசப், பத்துப் பக்க வசனத்தின் வேலையைச் செய்யும்.

அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஜேவிக்’ நடவடிக்கை. ஆஸ்திரேலியாவிலிருந்து ‘கிரைட்’ என்ற பழைய மீன்பிடிப் படகில் 14 பேர் கிளம்பினார்கள். தோலுக்குச் சாயம் பூசி, கைலி கட்டி, ஜப்பானியக் கொடி ஏற்றி, ஜப்பான் பிடித்துவைத்திருந்த சிங்கப்பூரை நெருங்கினார்கள். 3 மடக்குப் படகுகளில் 6 பேர் மட்டும் துறைமுகத்துக்குள் துடுப்புப் போட்டுப் போய்க் காந்தக் குண்டுகளை ஒட்டினார்கள். 7 கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. குழு முழுவதும் உயிரோடு திரும்பியது. ஆனால் ஜப்பானியர் இதை உள்ளூர்க்காரர்களின் சதி என்று நினைத்து அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். 15 பேர் இறந்தார்கள். வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற இந்தக் கேள்வி உங்கள் படத்தில் இருந்தால் ஐந்து பேர் தாராளம்.

படகுக் காட்சியை இரவில் கடலில் எடுக்க ஆசைப்படாதீர்கள். இடுப்பளவு ஆழமுள்ள குளம், பின்னால் பத்தடி தள்ளிக் கறுப்புத் துணி, எதிர்ப்பக்கத்தில் உயரத்தில் ஒரு விளக்கு, படகைத் தண்ணீருக்குள் நின்று தள்ள இரண்டு பேர் போதும். தண்ணீரில் விளக்கின் பிரதிபலிப்பு உடைந்து உடைந்து தெரிந்தால் துறைமுகம் வந்துவிடும்.

கேள்வி: துப்பாக்கிச் சூட்டுக்குப் பிளாங்க் தோட்டா வாடகைக்குக் கிடைக்கிறது. சி.ஜி. (கணினி வரைகலை) செய்தால் போலியாகத் தெரியும் என்று பயம். எது சரி?

பதில்: நிஜத் துப்பாக்கியை ஸ்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. பிளாங்க் என்றால் ஈயம் இல்லாத தோட்டா, மருந்து உண்டு. குழல் வாயிலிருந்து சூடான வாயுவும் அடைப்புத் துணுக்கும் பாயும். மிக அருகில் சுட்டால் உயிரே போகும். 1993-இல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது இன்னும் நுட்பமான தவறால். குளோசப்புக்காக நிஜத் தோட்டாவிலிருந்து மருந்தை மட்டும் கொட்டி டம்மி செய்திருந்தார்கள். மருந்தைப் பற்றவைக்க அடியில் இருக்கும் பிரைமர் என்ற சின்ன வெடியை அகற்றவில்லை. பிரைமர் வெடித்ததில் ஈயம் பாதிக் குழலில் சிக்கி நின்றது. யாரும் குழலைச் சோதிக்கவில்லை. பின்பு பிளாங்க் போட்டுச் சுட்டபோது அந்த ஈயம் வெளியே வந்தது. 2021-இல் அமெரிக்காவில் இன்னொரு படப்பிடிப்பில் நிஜத் தோட்டாவே துப்பாக்கிக்குள் இருந்து ஒளிப்பதிவாளர் உயிரிழந்தார். முழுநேர ஆயுதப் பொறுப்பாளர், ஒவ்வொரு டேக்குக்கும் முன் சோதனை, சோதனைக்கான நேரம் இவை மூன்றும் சின்ன பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படும். அதனால்தான் வேண்டாம் என்கிறோம்.

ஓடுவதற்கும் விழுவதற்கும் ரப்பர் துப்பாக்கி. குளோசப்புக்கும் சுடும் காட்சிக்கும் குண்டு போடாத கேஸ் ஏர்சாஃப்ட், அதாவது வாயு அழுத்தத்தில் இயங்கும் பொம்மைத் துப்பாக்கி. இதில் போல்ட் என்ற உள் இரும்புப் பகுதி பின்னால் போய் வருவதால் நடிகரின் தோளில் சின்ன உதைப்பு விழும். விழி தானாகச் சிமிட்டும். அந்தச் சிமிட்டலை எந்த சி.ஜி.யும் தராது. குளிரில் கேஸ் அழுத்தம் குறைந்து போல்ட் பாதியில் நின்றுவிடும். கேஸ் இருக்கும் மேகசின்களை ஜாக்கெட்டுக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருந்து ஷாட்டுக்கு முன் மாட்டுங்கள். பொம்மைத் துப்பாக்கியானாலும் தெருவில் பார்ப்பவருக்கு நிஜம்தான். காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். ஷாட் முடிந்ததும் எண்ணிப் பெட்டியில் பூட்டுங்கள்.

இனி தீப்பொறி. சி.ஜி. போலியாகத் தெரிவதற்குக் காரணம் அளவுக்கு மீறிப் போடுவதுதான். குழல் வாயில் தெரியும் ஒளி சில மில்லி விநாடிதான் இருக்கும். விநாடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் என்றால் கேமரா பாதி நேரம் கண்ணை மூடியிருக்கிறது. நிஜத்தில் சுட்டாலும் கிட்டத்தட்டப் பாதி ஒளி பதிவாகாது. எனவே ஒரு குண்டுக்கு ஒரு ஃபிரேம் மட்டும் போடுங்கள், அதிலும் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றும் வேறு வடிவத்தில் இருக்கட்டும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் கண் உடனே பிடித்துவிடும். பகல் வெளிச்சத்தில் ரைஃபிளிலிருந்து ஆரஞ்சு நெருப்பு அடி நீளத்துக்கு வராது. கொஞ்சம் புகையும், குழலுக்குக் கீழே கிளம்பும் தூசியும் போதும்.

இரவில், நடிகரின் முகத்தில் வெளிச்சம் விழாமல் துப்பாக்கி மட்டும் ஒளிர்ந்தால் ஷாட் செத்துவிடும். ஃபிரேமுக்கு வெளியே சின்ன எல்.இ.டி. ஒன்றை வைத்துச் சூட்டோடு சேர்த்து மின்ன விடுங்கள். அந்த மின்னல் மிகக் குறுகியதாக இருந்தால், படத்தை வரி வரியாகப் பதிவு செய்யும் ரோலிங் ஷட்டர் கேமராவில் படத்தின் பாதி மட்டும் வெளுத்து ஒரு பட்டை விழும். 40 மில்லி விநாடிக்குக் குறையாமல் எரிய விட்டு, மிச்சத்தை எடிட்டிங்கில் சரிசெய்யுங்கள்.

எண்ணிக்கையும் முக்கியம். ஏ.கே.-47 நிமிடத்துக்குச் சுமார் 600 தோட்டா வேகத்தில் சுடும். விநாடிக்கு 10. 30 தோட்டா மேகசின் 3 விநாடியில் காலி. உங்கள் நாயகன் பத்து விநாடி விசையை அழுத்திப் பிடித்தால் அவன் தேர்ந்த வீரன் அல்லன். பயிற்சி பெற்றவன் ஒவ்வொன்றாகவோ இரண்டிரண்டாகவோ குறிபார்த்துத்தான் சுடுவான். உங்களுக்கும் சி.ஜி. வேலை குறையும்.

கேள்வி: சைலன்சருக்கு ‘ப்யூ’ என்று ஒலி வைத்தால் சிரிக்கிறார்கள். வேறு எப்படி வைப்பது?

பதில்: சைலன்சர் ஓசையை அழிக்காது, குறைக்கும். ரைஃபிளின் 160 டெசிபலைத் தாண்டும் வெடிப்பைச் சுமார் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கலாம். மிஞ்சுவதும் பலத்த ஓசைதான். அதோடு, ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சாட்டைச் சத்தத்தைச் சைலன்சரால் தொட முடியாது. அதையும் தவிர்க்க வேண்டுமானால் ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டா வேண்டும். அதற்குத் தூரமும் வலிமையும் குறைவு. ‘இன்னும் கிட்டே போனால்தான் முடியும்’ என்று ஒரு பாத்திரம் சொல்ல இது நல்ல காரணம்.

ஒலியை மூன்று அடுக்காக வையுங்கள்: மழுங்கிய ஒரு தட்டு, போல்ட் பின்னால் போய் வரும் இரும்புச் சத்தம், வெற்றுத் தோட்டா தரையில் விழும் சத்தம். இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவதைவிடத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

தூரத்திலிருந்து சுடும் காட்சிக்கு ஒரு கணக்கு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ரைஃபிள் தோட்டா கிளம்பும் வேகம் 900 மீட்டர் அளவு. 300 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு முதலில் தலைக்கு மேல் ‘டக்’ என்ற கிழிசல், ஏறத்தாழ அரை விநாடி கழித்துத் தூரத்திலிருந்து ‘டும்’. சுடப்பட்டவர் விழுந்த பிறகுதான் துப்பாக்கிச் சத்தமே வரும். பெரும்பாலான படங்களில் இரண்டும் ஒன்றாக வருகின்றன. இந்த அரை விநாடியைச் சேர்க்கக் காசு செலவில்லை. பார்வையாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: படம் முழுக்க இரவு. விளக்குக்குப் பணம் இல்லை. நைட் விஷன் காட்சிகளுக்குப் பச்சை நிறம் போட்டால் போதுமா?

பதில்: பச்சை மட்டும் போட்டால் பச்சைக் கண்ணாடி போட்டதுபோல் இருக்கும். நைட் விஷன் கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பார்க்கிறது. அதனால் இலைகள் வெளுத்து, கண்மணிகள் பளபளத்து, சில துணிகள் நிறம் மாறித் தெரியும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. பழைய கேமரா ஒன்றிலிருந்து அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். 850 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கேமராவுக்கு மேல் பொருத்துங்கள். பிறகு நிறத்தை எடுத்துவிட்டுப் பச்சையோ, புதிய கருவிகளைப் போல வெளிர் நீல வெள்ளையோ ஏற்றுங்கள். கறுப்புச் சீருடைத் துணியை வாங்குவதற்கு முன் இந்தக் கேமராவில் பார்த்துவிடுங்கள். சில சாயங்கள் சாம்பல் வெள்ளையாகத் தெரிந்து எல்லோரையும் பேயாக்கிவிடும்.

சாதாரணக் கருவியின் பார்வைப் புலம் 40 டிகிரிதான். அதாவது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல். ஆகவே கருவி அணிந்த நடிகர் கண்ணை உருட்டக் கூடாது, தலையையே திருப்ப வேண்டும். ஆழம் சரியாகத் தெரியாது. படியில் காலால் துழாவித்தான் இறங்குவார். துப்பாக்கியிலிருந்து வரும் அகச்சிவப்பு லேசர் கருவிப் பார்வையில் மட்டுமே தெரியும். அடுத்த ஷாட்டில் வெறும் கண் பார்வையிலும் அந்தக் கோடு தெரிந்தால் முழுக் காட்சியும் பொய்யாகிவிடும்.

மற்ற இரவுக் காட்சிகளை டே ஃபார் நைட்டாக, அதாவது பகலில் எடுத்து இரவாகக் காட்டும் முறையில், எடுக்கலாம். சூரியன் நடிகருக்குப் பின்னால் இருக்க வேண்டும். வானம் ஃபிரேமில் வரவே கூடாது. கேமராவுக்குள் போகும் ஒளியை இரண்டு ஸ்டாப் (கால் பங்காக) குறைத்து, படம் நீலம் தட்டும்படி ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வையுங்கள். எரியும் விளக்கு எதையும் காட்டாதீர்கள். பகலில் அது மங்கிப்போய்க் காட்டிக்கொடுக்கும். வானம் தவிர்க்க முடியாத ஒரே ஒரு வைட் ஷாட்டை, சூரியன் மறைந்த பின் கிடைக்கும் 20 நிமிடத்தில் எடுங்கள். ஒத்திகையை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

கேள்வி: நடிகர்கள் யாரும் ராணுவத்தைப் பார்த்ததில்லை. பயிற்சிக்கு 5 நாள்தான் இருக்கிறது. எதைச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: குதிப்பதையும் உருளுவதையும் விடுங்கள். முதல் நாள் முழுக்க விரல். சுடும் கணம் தவிர ஆட்காட்டி விரல் விசைக்கு மேலே, துப்பாக்கியின் உடலோடு நீட்டி இருக்க வேண்டும். குழல் தன் கூட்டாளியின் உடம்பைக் கடக்கவே கூடாது. ராணுவத்தில் இருந்தவர்கள் போஸ்டரிலேயே இந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் நடை. பகலில், திறந்த வெளியில் ஆளுக்கு ஆள் குறைந்தது 5 மீட்டர். ஒரு குண்டு விழுந்தால் இரண்டு பேர் சாகக் கூடாது என்பதுதான் காரணம். இருட்டில் முன்னே போகிறவர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நெருங்கலாம். நின்றால் ஐந்து பேரும் ஐந்து திசையைப் பார்க்க வேண்டும். தலைவர் பேசும்போது எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தால் அது மேடை நாடகம். இயக்குநருக்கு இது சிரமம்தான், முகங்கள் ஒரே ஷாட்டில் கிடைக்காது. முதுகைக் காட்டி நிற்கும் நால்வரும், காதால் மட்டும் கேட்கும் அந்த உடம்புகளும் தரும் இறுக்கம் அந்தச் சிரமத்துக்குத் தகும்.

மூன்றாம் நாள் கதவு. வாசலில் நிற்பவர்தான் முதலில் சாவார். எனவே முதல் ஆள் ஒரு மூலைக்கு, அடுத்தவர் எதிர் மூலைக்கு, வாசலை விட்டு உடனே விலக வேண்டும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, துப்பாக்கியே இல்லாமல் முப்பது நாற்பது முறை செய்யவையுங்கள். நான்காம் நாள் மேகசின் மாற்றுவது, கண்ணால் பார்க்காமல். அன்றே ரேடியோவும்: பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். ‘ஓவர்’ என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன், ‘அவுட்’ என்றால் முடித்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வசனத்தை அடித்துவிடுங்கள்.

ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் மூட்டையோடு செய்யவையுங்கள். பைக்குள் ஸ்பாஞ்ச் அடைத்தால் நடை காட்டிக்கொடுக்கும். மணல் மூட்டையாக 10 முதல் 12 கிலோ வையுங்கள். நிஜ வீரர்களின் சுமை 30 கிலோவைத் தாண்டும். மார்புக் கவசத்தின் மேல் விளிம்பு தொண்டைக் குழிக்கு நேராக இருக்க வேண்டும். பல படங்களில் அது வயிற்றில் தொங்குகிறது. அது காப்பது இதயத்தையும் நுரையீரலையும்.

கேள்வி: ஹெலிகாப்டர் இல்லாமல் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் காட்சி எப்படி?

பதில்: ஒட்டுப்பலகையில் ஒரு பக்கம் திறந்த பெட்டி, நைலான் பட்டை இருக்கைகள், அடியில் டயர் டியூப், அசைக்க இரண்டு பேர், வெளியே இரண்டு பெரிய மின்விசிறி. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். பிழை நடப்பது தாளத்தில். நான்கு இறக்கை பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் சுழலி நிமிடத்துக்கு 258 சுற்று. இறக்கை வெட்டும் எண்ணிக்கை விநாடிக்கு 17. இரண்டு இறக்கை ஹ்யூயி ஹெலிகாப்டரில் அது 11 அளவுதான், அதனால்தான் அதன் ‘தப் தப்’ தனித்தனியாகக் கேட்கிறது. எந்த ஒலியை வைக்கப் போகிறீர்கள் என்று படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஹெலிகாப்டரின் பெயர் வசனத்தில் வந்தால் ஒலியும் அதனுடையதாகவே இருக்கட்டும்.

பாராசூட் என்றால் இன்னும் மலிவு. மிக உயரத்திலிருந்து குதிப்பவர்கள், ரத்தத்திலுள்ள நைட்ரஜனை வெளியேற்றக் குதிப்பதற்கு முன் 30 நிமிடம் தூய ஆக்ஸிஜன் சுவாசிப்பார்கள். இருட்டுப் பெட்டி, சிவப்பு விளக்கு, முகமூடி, மூச்சொலி. யாரும் பேச முடியாது. அந்த அரை மணியிலிருந்து இரண்டு நிமிடத்தை எடுங்கள். குதித்த பிறகு நேரே தரைக்கு வந்துவிடலாம்.

கேள்வி: ரத்தம் ரோஸ் நிறமாகத் தெரிகிறது. காயம்பட்டவருக்குத் தோட்டாவை எடுக்கும் காட்சியும் இருக்கிறது.

பதில்: குளுக்கோஸ் சிரப் 500 மில்லி, தண்ணீர் 100 மில்லி, சிவப்பு உணவு நிறமி 2 டீஸ்பூன், நீலம் 3 சொட்டு, கோகோ தூள் ஒரு டேபிள்ஸ்பூன். வெளிச்சம் ஊடுருவிப் போவதால்தான் ரோஸ் தெரிகிறது. அதைத் தடுப்பது கோகோ. அதை முதலில் வெந்நீரில் கரையுங்கள், நேராகப் போட்டால் கட்டி தட்டும். நிறமியைப் பொறுத்துச் செறிவு மாறும் என்பதால் ஷூட்டுக்கு முதல் நாளே கேமராவில் பாருங்கள். பச்சைச் சீருடையில் ரத்தம் கறுப்பு ஈரமாகத்தான் தெரியும். சிவப்பு வேண்டுமானால் கையிலும் கட்டுத்துணியிலும் காட்டுங்கள்.

தோட்டாவை எடுக்கும் காட்சியை நீக்குங்கள். களத்தில் யாரும் அதைத் தோண்டுவதில்லை, தோண்டினால் ரத்தப்போக்குதான் கூடும். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். மருத்துவர் செய்வது, காயத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் விழாமல், இறுக்குப் பட்டையைப் போட்டு, ரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகுவது. அந்த வலியில் காயம்பட்டவர் அலறுவார். ரகசியக் குழுவில் அலறக் கூடாது. வாயைப் பொத்தும் கை யாருடையது என்பதை எழுதுங்கள். பிறகு கட்டிய நேரத்தைப் பட்டையில் குறிப்பார். நடிகருக்கு நிஜமாக இறுக்காதீர்கள். பேன்டுக்குள் கெட்டி பி.வி.சி. வளையம் வைத்து அதன் மேல் திருகலாம்.

கேள்வி: கையெறி குண்டு வெடித்தால் நெருப்புப் பந்து வேண்டாமா?

பதில்: வேண்டாம். சாம்பல் நிறத் தூசி, சிதறும் மண், ஒரு கணத்தில் முடியும் ஓசை. எம்-67 வகைக்குத் திரி நேரம் 4 முதல் 5 விநாடி. பின்னைப் பல்லால் இழுத்தால் பல்தான் வரும்.

கேள்வி: குழுவின் திட்டம் எங்கே சொதப்ப வேண்டும்? துரோகி ஒருவனை வைத்திருக்கிறேன், ஆனால் பழகியதாகத் தெரிகிறது.

பதில்: துரோகியைவிட நம்பத்தகுந்த எதிரிகள் உண்டு: தூசி, குளிர், தவறான எண். 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப் போன அமெரிக்கக் குழு 8 ஹெலிகாப்டர்களோடு கிளம்பியது. குறைந்தது 6 இல்லாமல் தொடரக் கூடாது என்பது முன்பே எழுதிவைத்த நிபந்தனை. ஒன்று வழியில் பழுதானது, ஒன்று புழுதிப் புயலில் திரும்பியது, வந்து சேர்ந்த ஆறில் ஒன்றுக்கு ஹைட்ராலிக் கோளாறு. மிஞ்சியது 5. கைவிட்டுத் திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் நின்றிருந்த விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். எதிரி ஒரு குண்டும் சுடவில்லை. 1991-இல் இராக்குக்குள் போன எஸ்.ஏ.எஸ். குழுவின் 8 பேருக்குக் கொடுக்கப்பட்ட ரேடியோ அலைவரிசை தவறானது. 3 பேர் இறந்தார்கள், அவர்களில் இருவர் குளிரில். 4 பேர் பிடிபட்டார்கள், ஒருவர் நடந்தே சிரியாவை அடைந்தார்.

உங்கள் முதல் பத்து நிமிடத்திலேயே, திட்டம் விளக்கும் காட்சியில், ‘இந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் திரும்பிவிட வேண்டும்’ என்று தலைவர் ஒரு எண்ணைச் சொல்லட்டும். ரேடியோ பேட்டரி நான்காக இருக்கலாம், கயிறு அறுபது மீட்டராக இருக்கலாம். அதன்பின் படம் முழுக்க அந்த எண் குறைந்துகொண்டே வரட்டும். மூன்றாவது பேட்டரி தண்ணீரில் விழும்போது யாரும் வசனம் பேச வேண்டியதில்லை.

கேள்வி: 18 நாள் ஷெட்யூல். சண்டைக்கு எத்தனை நாள் ஒதுக்குவது?

பதில்: ஐந்து. நடப்பதும் காத்திருப்பதும் ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் வரை ஓடும். சண்டை ஒரு பக்கத்தைத் தாண்டாது. சண்டையைக் கடைசி நாள்களில் வைக்காதீர்கள், மழை வந்தால் படமே நிற்கும். பத்தாம் நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதனால் வரிசை மாறும் என்பதால் சீருடை ஆளுக்கு மூன்று ஜோடி வேண்டும்: துவைத்து வெளுக்கவைத்தது, சேறுபட்டது, கிழிந்து ரத்தம் பட்டது. மூன்றையும் முதல் நாளே தயார் செய்து, முன்னும் பின்னும் ஃபோட்டோ எடுத்து, பெயர் எழுதிப் பையில் போடுங்கள். ஸ்பாட்டில் அவசரமாகப் பூசும் சேறு அடுத்த ஷாட்டுக்குள் காய்ந்து வேறு நிறமாகிவிடும்.